கட்டித் தேயிலை: எட்டு வடிப்பில் தரம் அறியும் முறை

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலை எடுக்க வருகிறவர்களில் பலர் ஜரிகையின் பளபளப்பைப் பார்த்து விலை பேசுகிறார்கள். ஜரிகை அறிந்த நெசவாளரோ ஓர் இழையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். அசல் ஜரிகையானால் மேலே சுற்றிய வெள்ளிக் கம்பிக்கு அடியில் சிவப்புப் பட்டு நூல் தெரியும். மேற்பூச்சைத் தாண்டி உள்ளே இருப்பதைப் பார்த்துவிடும் இம்முறையைப் போன்ற ஒன்று தேயிலைக்கும் உண்டு. ஒரே இலையில் எட்டு முறை வெந்நீர் ஊற்றி, ஒவ்வொரு வடிப்பையும் தனித்தனியே சுவைத்துப் பார்ப்பதே அது. விலை குறைந்த வெள்ளைத் தேயிலைக் கட்டியை எடுத்துக்கொண்டு இம்முறையை இக்கட்டுரையில் விளக்குவோம்.

தேயிலை விளையாத செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதி விவசாயிகளுக்கு இது எதற்கு என்ற கேள்வி எழலாம். வெள்ளைத் தேயிலை இப்போது நகரக் கடைகளிலும் அஞ்சல் வழியாகவும் கிடைக்கிறது. உடல் இளைக்கும், சர்க்கரை நோய் தீரும் என்று சொல்லி அதை அதிக விலைக்கு விற்பவர்களும் உண்டு. காசு கொடுப்பவர் தரம் அறிந்திருந்தால் ஏமாற மாட்டார். மேலும், வாங்குகிறவருக்குத் தரம் தெரிந்தால்தான் நல்ல இலை பறிக்கும் நீலகிரிச் சிறு விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும். தன் சரக்கைத் தானே சோதிக்கத் தெரியாத விவசாயி, பிறர் சொன்ன தரத்துக்கும் பிறர் சொன்ன விலைக்கும் கட்டுப்பட வேண்டியவராகிறார். இது எல்லாப் பயிருக்கும் பொருந்தும்.

வெள்ளைத் தேயிலை என்பது என்ன?

கறுப்புத் தேயிலை, பச்சைத் தேயிலை, வெள்ளைத் தேயிலை ஆகிய மூன்றும் கமேலியா சைனென்சிஸ் என்ற ஒரே செடியின் இலைகளே. பதப்படுத்தும் முறைதான் வேறு. கறுப்புத் தேயிலைக்கு இலையை வாட்டி, இயந்திரத்தில் நசுக்கி, காற்றுப்படப் புளிக்கவைத்து உலர்த்துகிறார்கள். பச்சைத் தேயிலையில் பறித்த இலையை விரைவிலேயே சூடாக்கி, நிறம் மாறுவதைத் தடுத்துவிடுகிறார்கள். வெள்ளைத் தேயிலைக்கு நசுக்குவதோ வறுப்பதோ இல்லை. இலையைத் தட்டுகளில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, இரண்டு மூன்று நாட்கள் வரை நிதானமாக வாடவிட்டு, குறைந்த சூட்டில் உலர்த்துகிறார்கள். மொட்டின் மேல் வெண்ணிற மயிர் படர்ந்திருப்பதால் இப்பெயர் வந்தது.

இதன் தாயகம் சீனாவின் ஃபூஜியன் மாநிலத்தைச் சேர்ந்த ஃபூதிங், செங்ஹோ பகுதிகளாகும். வெறும் மொட்டுகளை மட்டும் கொண்டது ‘வெள்ளி ஊசி’ எனப்படும் உயர்ந்த ரகம். மொட்டுடன் ஓரிரு இலைகள் சேர்ந்தது ‘வெண் பியோனி’ எனப்படும் நடுத்தர ரகம். பருவத்தின் பிற்பகுதியில் பறிக்கும் பெரிய இலையும் தண்டும் கலந்தது ‘ஷோ மெய்’ எனப்படும் கடை ரகம். விலை குறைந்த கட்டிகள் பெரும்பாலும் ஷோ மெய் இலையில் செய்யப்படுகின்றன. கடை ரகம் என்பதால் தள்ளத்தக்கது என்று எண்ணிவிடக் கூடாது. நன்றாக வாட்டி உலர்த்திய ஷோ மெய், மட்டமாகப் பதப்படுத்திய மொட்டைவிடச் சுவையாகவே இருக்கும்.

கட்டியாக அழுத்துவது ஏன்?

நசுக்காத இலை பொருபொருவென்று இருப்பதால் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மூட்டையில் போட்டால் நொறுங்கித் தூளாகும். எனவே இலைக்கு ஆவி காட்டி, துணிப்பையில் இட்டு, அழுத்தி, மீண்டும் உலர்த்துகிறார்கள். வரதராஜப் பெருமாள் கோயில் இட்லிக்கு மாவை மூங்கில் குடலையில் ஊற்றி ஆவியில் வேகவைப்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். இங்கும் ஆவியே வேலை செய்கிறது. ஆனால் சில வினாடிகள் மட்டும் காட்டி, இலை துவண்டதும் எடுத்துவிடுகிறார்கள். கருப்பட்டி வட்டைப் பெரிதாக்கியதுபோன்ற இக்கட்டி பெரும்பாலும் 350 கிராம் அளவில் இருக்கும். சிறு வில்லைகளும் உண்டு.

கட்டியில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உள்ளன. ஈரமும் வாடையும் படாமல் வைத்தால் சில ஆண்டுகள் கெடாது, சுவையும் முதிரும். ஆனால் மேலே நல்ல இலையைப் பரப்பி, உள்ளே தூளை வைத்து அழுத்தினால் வெளியே தெரியாது. மூட்டையின் வாயில் நல்ல நெல்லையும் அடியில் பதரையும் வைப்பது போன்றதே இது. நெல் மூட்டைக்குக் குத்தூசி போடுவதுபோல, கட்டியின் நடுப்பகுதியிலிருந்தும் இலை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

தேவையானவை

1. மூடியுள்ள 150 மி.லி. அளவுச் சிறு பீங்கான் பாத்திரம் ஒன்று. எவர்சில்வர் டம்ளரும் மூடியும் போதும்.
2. வடிகட்டி, வெள்ளை நிறக் கிண்ணங்கள் எட்டு. நிறத்தை ஒப்பிட வெள்ளைக் கிண்ணமே ஏற்றது.
3. ஒரு கிராம் வரை காட்டும் தராசு.
4. வினாடி காட்டும் கடிகாரம் அல்லது கைப்பேசி.
5. கோணூசி அல்லது முனை மெலிந்த கத்தி.
6. குறிப்பேடு.

தண்ணீர் மிக முக்கியம். உப்புக் கலந்த கிணற்று நீரில் தேநீர் மங்கி, மேலே ஆடை போன்ற படலம் மிதக்கும். சுவையும் தட்டையாகிவிடும். உப்புச் சுவை இல்லாத குடிநீரையே பயன்படுத்துக. இரண்டு தேயிலைகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே தண்ணீர் இருக்க வேண்டும். ஒரே தேயிலையை உங்கள் கிணற்று நீரிலும் நல்ல குடிநீரிலும் வடித்துப் பார்த்தால், தண்ணீரின் வேறுபாடு நாக்கிலேயே விளங்கும்.

சுவைப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே வெற்றிலை பாக்கு, புகையிலை, காபி, காரம் ஆகியவற்றை விலக்க வேண்டும்.

கட்டியை உடைத்தல்

உரலில் இட்டு இடிக்கக் கூடாது. இலை தூளானால் சாறு முழுவதும் முதல் இரண்டு வடிப்பிலேயே இறங்கி, சோதனை கெட்டுவிடும். கோணூசியைக் கட்டியின் பக்கவாட்டிலிருந்து இலையடுக்குகளின் இடையே செலுத்தி, மெல்ல நெம்பினால் இலை ஏடு ஏடாகப் பிரியும். ஊசி செல்லும் திசையில் விரல் இருக்கக் கூடாது. ஓரத்திலிருந்து பாதியும் நடுவிலிருந்து பாதியுமாக 5 கிராம் எடுத்துக்கொள்க.

எட்டு வடிப்பு

வீட்டுக் காபி வடிகட்டியில் முதல் டிகாக்ஷன், இரண்டாம் டிகாக்ஷன் என்று பிரிப்பது நமக்குப் பழக்கமானதே. அதையே இங்கு எட்டு வரை நீட்டிக்கிறோம். ஒவ்வொரு முறையும் கொதிநீர் 100 மி.லி. ஊற்றி, மூடி, குறித்த நேரம் கழித்து முழுவதையும் வடித்துவிட வேண்டும். சிறிது நீர் தங்கினாலும் அடுத்த வடிப்பு கசக்கும்.

முதலில் கொதிநீரை ஊற்றி ஐந்து வினாடியில் கொட்டிவிடுக. இது இறுகிய இலையை நனைத்து இளக்குவதற்காக. இக்கழுநீரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நனைந்த இலையை மட்டும் முகர்ந்து பார்த்துக் குறித்துக்கொள்க. பிறகு:

முதல் வடிப்பு – 20 வினாடி
இரண்டாம் வடிப்பு – 20 வினாடி
மூன்றாம் வடிப்பு – 25 வினாடி
நான்காம் வடிப்பு – 40 வினாடி
ஐந்தாம் வடிப்பு – 1 நிமிடம்
ஆறாம் வடிப்பு – 1½ நிமிடம்
ஏழாம் வடிப்பு – 3 நிமிடம்
எட்டாம் வடிப்பு – 5 நிமிடம்

நல்ல ஷோ மெய் கட்டியில் பொதுவாகக் காணக்கூடிய மாற்றம் பின்வருமாறு:

முதல் வடிப்பு வைக்கோல் கழுவிய நீர் போல வெளிர் மஞ்சளாக இருக்கும். கட்டி இன்னும் அவிழாததால் சுவை மெலிந்திருக்கும். இதைக் கொண்டு தேயிலையை மட்டம் என்று முடிவு செய்யக் கூடாது. இரண்டிலும் மூன்றிலும் இலை அவிழ்ந்து, நிறம் தேன் போலாகும். காய்ந்த புல், பூ, தேன் ஆகியவற்றின் மணம் புதிய கட்டியிலும், பேரீச்சம்பழத்தையும் காய்ந்த மூலிகையையும் ஒத்த மணம் சில ஆண்டுகள் வைத்த கட்டியிலும் வரும். நான்காம் வடிப்பு வரை துவர்ப்பும் இனிப்பும் சேர்ந்தே இருக்கும். ஐந்துக்கு மேல் துவர்ப்பு குறைந்து, இனிப்பு மட்டும் மெலிதாக நிற்கும். ஏழிலும் எட்டிலும் நிறம் வெளிறும். ஆனால் விழுங்கிய பின் தொண்டையில் ஓர் இனிமை ஊறும். நெல்லிக்காய் தின்றபின் தண்ணீர் குடித்தால் தோன்றும் இனிப்பை இதற்கு ஒப்பிடலாம். இந்த ஊறல் எத்தனையாவது வடிப்பு வரை நிற்கிறது என்பதே இச்சோதனையின் முக்கிய அளவுகோல்.

எட்டுக்குப் பின் இலையைக் கொட்டிவிட வேண்டாம். கால் லிட்டர் நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் இன்னும் இரண்டு சிறு கிண்ணம் தேநீர் கிடைக்கும். தண்டு கலந்த இலைக்கு இது மிகவும் ஏற்றது.

சுவை மாறுவதற்குக் காரணம்

இலையில் உள்ள பொருட்கள் எல்லாம் ஒரே வேகத்தில் கரைவதில்லை. சுறுசுறுப்பூட்டும் காபீன் வெந்நீரில் விரைவாகக் கரைவதால், அதன் பெரும்பகுதி முதல் சில வடிப்புகளிலேயே இறங்கிவிடுகிறது. துவர்ப்பைத் தரும் கேட்டசின் வகைப் பொருட்கள் இலை அவிழ அவிழ வெளிவருகின்றன. இனிய சுவை தரும் தியனின் என்னும் அமினோ அமிலம் தண்டிலும் கணிசமாக உள்ளது. நசுக்காத இலையில் செல்கள் பெரும்பாலும் உடையாமல் இருப்பதால் சாறு நிதானமாகவே கசியும். ஆகவே பல வடிப்பு தாங்குவது முழு இலைக்கே உரிய குணம். டீக்கடைத் தேயிலைத் தூள் ஒரே கொதியில் எல்லாவற்றையும் தந்துவிடும். பாலுக்கும் சர்க்கரைக்கும் ஈடுகொடுக்க அதுவே பொருத்தம். இரண்டின் பயனும் வேறு வேறு.

குறைகளைக் கண்டறிதல்

தேயிலைச் சோதனைக்கு 1980-ல் வெளியான உலகத் தர அமைப்பின் முறையில், 100 மி.லி. கொதிநீருக்கு 2 கிராம் இலை இட்டு ஆறு நிமிடம் ஊறவைப்பார்கள். நீண்ட நேரம் ஊறுவதால் குறைகள் மறைய வழியில்லை. முதலில் இம்முறையில் குறைகளைத் தேடிவிட்டு, பிறகு எட்டு வடிப்பில் தாங்கும் திறனைப் பார்ப்பது நல்லது.

பூசண வாடை: கட்டி ஈரம் பட்டிருக்கிறது. கொதிக்கவைத்துக் குடித்துவிடலாம் என்று எண்ணாமல் எறிந்துவிடுக.

புளிப்பு: வாட்டும்போது இலை குவிந்து சூடேறியிருக்கலாம், அழுத்திய பின் சரியாக உலராமலும் இருக்கலாம்.

புகை வாடை: உலர்த்தும் அடுப்பின் புகை இலையில் பட்டிருக்கிறது.

முதல் வடிப்பே கருஞ்சிவப்பாகி, மூன்றில் வெறும் நீராவது: உள்ளே தூள் இருக்கலாம். அல்லது பழைய கட்டி என்று காட்டுவதற்காக ஈரமும் சூடும் கொடுத்துக் கறுக்க வைத்திருக்கலாம். நிறம் மட்டும் இருந்து சுவை இல்லையானால் ஐயப்படுக.

குளிர்ந்த நீரில் போட்டவுடன் சாயம் இறங்குவது: நிறம் சேர்த்ததன் அறிகுறி. அதை வாங்க வேண்டாம்.

கடைசியில் வெந்த இலையைத் தட்டில் விரித்துப் பார்ப்பது அவசியம். முழு இலையும் தண்டும் மொட்டும் விரிந்து, பழுப்பு கலந்த பச்சையாக, விரலில் மென்மையாக இருந்தால் நன்று. விரியாமல் கறுத்து இறுகிய இலை அதிகச் சூடு பட்டது. கிழிந்த துணுக்கு மிகுந்தால் அது கூட்டி அள்ளிய சரக்கு.

இரண்டு கட்டிகளை ஒப்பிடுவதாயின், கிண்ணங்களின் அடியில் குறியிட்டு, எது எதுவென்று தெரியாமல் மூன்று பேர் சுவைத்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். விலை தெரிந்த நாக்கு விலை உயர்ந்ததையே புகழும்.

செலவுக் கணக்கு

எடுத்துக்காட்டாக, ஒரு கட்டி 100 கிராம் 400 ரூபாய் என்றும், இன்னொன்று 200 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 5 கிராமின் விலை முறையே 20 ரூபாயும் 10 ரூபாயும் ஆகும். முதல் கட்டி எட்டு வடிப்பு தாங்கி, கடைசியில் கொதிக்கவைத்ததில் இரண்டு கிண்ணமும் தந்தால் பத்துக் கிண்ணம். ஒரு கிண்ணத்துக்கு 2 ரூபாய். இரண்டாவது கட்டி மூன்றாம் வடிப்போடு நின்றுவிட்டால் ஒரு கிண்ணத்துக்கு 3 ரூபாய் 33 காசு. பாதி விலைக்கு வாங்கியதே அதிகச் செலவாகிறது. ஆகவே விலை குறைந்தது எது என்பதை எடையைக் கொண்டு கணக்கிடாமல், குடிக்கத்தக்க கிண்ணங்களின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிட வேண்டும்.

அதேபோல, 20 ரூபாய் இலையை ஒரே முறை வடித்து எறிகிற வீட்டில் அந்த ஒரு கிண்ணம் 20 ரூபாய். வெள்ளைத் தேயிலை நமக்குக் கட்டாது என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சேமிக்கும் முறை

தேயிலை எந்த வாடையையும் எளிதில் ஈர்க்கும். பூசை அலமாரியில் கற்பூரம், சாம்பிராணி, மல்லிகைப் பூ ஆகியவற்றின் அருகிலும், சமையலறையில் மசாலாப் பெட்டியின் அருகிலும் வைக்கக் கூடாது. காகிதத்தில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத இடத்தில் வைக்கவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் மிகுவதால், அம்மாதங்களில் டப்பாவை அடிக்கடி திறக்க வேண்டாம். குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் நீர் வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

வைக்க வைக்க மதிப்புக் கூடும் என்று சொல்லி, முதலீடாகக் கட்டிகளை வாங்கச் சொல்வோர் உண்டு. சிறு விவசாயிகள் அதில் பணத்தை முடக்க வேண்டாம்.

உடல்நலம் குறித்து

வெள்ளைத் தேயிலை ஒரு பானம், மருந்து அன்று. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு ஆகியவற்றுக்கு உட்கொள்ளும் மாத்திரையை இதற்காக நிறுத்தக் கூடாது. இதிலும் காபீன் இருப்பதால் இரவில் தூக்கம் கெடலாம். உணவோடு தேநீர் அருந்தினால், உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். இரத்தசோகை உள்ள பெண்களும் கருவுற்றவர்களும் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

நீலகிரியில் இதன் பயன்

நீலகிரிச் சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்காக 1965-ல் இன்கோசர்வ் இணையம் தொடங்கப்பட்டது. இருந்தும் பசுந்தேயிலை விலை விவசாயிகளின் தீராத கவலையாகவே இருந்து வருகிறது. நியாய விலை கேட்டு 2023-ல் அங்குச் சிறு விவசாயிகள் உண்ணாவிரதமும் இருந்தனர். சுமார் நான்கு, நாலரைக் கிலோ பசுந்தேயிலையிலிருந்து ஒரு கிலோ தேயிலைதான் கிடைக்கிறது. பறித்த இலை அன்றே தொழிற்சாலைக்குப் போயாக வேண்டியிருப்பதால், விலையை மறுத்து இலையைத் திரும்பக் கொண்டுவரவும் விவசாயியால் முடிவதில்லை.

வெள்ளைத் தேயிலைக்கு நசுக்கும் இயந்திரம் வேண்டாம். காற்றோட்டமுள்ள கொட்டகை, மூங்கில் தட்டுகள், குறைந்த சூட்டில் உலர்த்தும் வசதி ஆகியவை போதும். உலர்ந்த சரக்கு உடனே கெடாது என்பதால் விலைக்காகக் காத்திருக்கவும் முடியும். நீலகிரியில் சில தோட்டங்கள் வெள்ளைத் தேயிலை செய்து விற்றும் வருகின்றன. ஆனால் பறிப்புக் கூலி அதிகம். மழை மாதங்களில் இலை வாடாமல் அழுகும் ஆபத்தும் உண்டு. ஃபூதிங் பகுதியில் பயிராகும் ரகங்கள் வேறு, நம் நீலகிரி ரகங்கள் வேறு. ஆகையால் முதலில் ஒரு கிலோ அளவில் செய்து, எட்டு வடிப்புச் சோதனையில் தேறிய பிறகே வாங்குபவரைத் தேட வேண்டும். தேறாத சரக்கை ஒரு முறை விற்கலாம்; அதே ஆளிடம் இரண்டாம் முறை விற்க முடியாது.

நம் பகுதி விவசாயிக்கு

தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை கார அமில நிலை உள்ள புளிப்பு மண்ணும், ஆண்டு முழுவதும் பரவலான மழையும், மிதமான வெப்பமும் வேண்டும். பாலாற்றுப் படுகையிலும் ஏரிப் பாசன நிலங்களிலும் பொதுவாக அத்தகைய மண் இல்லை. கத்திரி வெயிலையும் செடி தாங்காது. யாராவது தேயிலைக் கன்று விற்க வந்தால் காசு கொடுத்துவிடாமல், முதலில் மண் பரிசோதனை செய்து, வேளாண்மை அலுவலரைக் கலந்துகொள்க.

நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது சோதிக்கும் பழக்கத்தை. ஒரே எடை, ஒரே தண்ணீர், ஒரே நேரம், பெயர் மறைத்த கிண்ணம், எழுதிவைத்த குறிப்பு ஆகிய ஐந்தும் எந்த விளைபொருளுக்கும் ஏற்றவை. உங்கள் வயலின் அரிசியை வியாபாரி குறை சொன்னால், அதையும் கடை அரிசியையும் ஒரே அளவு நீரில் பொங்கி, சூடாக ஒரு முறையும் மறுநாள் பழையதாக ஒரு முறையும் வீட்டார் அனைவரும் உண்டு பாருங்கள். வெல்லம் காய்ச்சுவோர் ஒவ்வொரு பாகிலும் ஒரு கட்டியைத் தேதியிட்டு எடுத்துவைத்து, மழை மாதம் கழித்துச் சுவைத்துப் பாருங்கள். எந்தப் பாகு கசிந்தது, எது கெட்டியாக நின்றது என்பது தெரியும். அந்தக் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.